கடமானுக்கு எத்தனை கஜம்?

நீலகிரி மேட்டுநிலத்தில் 1820களில் தொடங்கி ஒன்றரை நூற்றாண்டுக்கு மேல் கடமான் வேட்டை நடந்தது. இந்த ஒன்றரை நூற்றாண்டில் வேட்டைக்காரர் கையிலிருந்த துப்பாக்கி அடையாளம் தெரியாமல் மாறிப்போனது. முதலில் குழல் வாய் வழியாக மருந்து கெட்டிக்கும் மஸ்கட். அப்புறம் குழலுக்குள் முறுக்கு வரியுள்ள ரைஃபிள். அப்புறம் பித்தளைத் தோட்டா, புகையில்லா மருந்து, தொலைநோக்கிக் கண்ணாடி. ரவை போய்ச் சேரும் தூரம் பத்து மடங்கு கூடியது. ஆனால் நல்ல வேட்டைக்காரர் சுட்ட தூரம் அந்த அளவுக்குக் கூடவே இல்லை. தொடக்கத்தில் அறுபது, எழுபது கஜம். கடைசியில் நூறு, மிஞ்சினால் நூற்றைம்பது. இந்தப் பிடிவாதத்துக்குப் பின்னால் இருந்த அறிவைப் பற்றித்தான் எழுத நினைக்கிறேன். துப்பாக்கிகளைப் பற்றி நிறையப் பேர் எழுதியிருக்கிறார்கள். தூரத்தைப் பற்றி எழுதியவர்கள் குறைவு.

கோயம்புத்தூரில் துப்பாக்கியும் தோட்டாவும் விற்ற ஒரு கடையில் 1960களின் கடைசியில் கணக்கெழுதச் சேர்ந்தவன் நான். உரிமப் புத்தகத்தை வாங்கிச் சரிபார்ப்பது, எத்தனை தோட்டா கொடுத்தோம் என்று அதிலும் எங்கள் பதிவேட்டிலும் ஏற்றுவது, கையெழுத்து வாங்குவது எல்லாம் என் வேலை. குன்னூர், கோத்தகிரி, வால்பாறைத் தோட்டங்களிலிருந்து வருவார்கள். சத்தியமங்கலம் பக்கத்து விவசாயிகளும் வருவார்கள். புதிதாக ரைஃபிள் வாங்குகிறவர் கேட்கும் முதல் கேள்வி, "இது எவ்வளவு தூரம் போகும்?" பழைய ஆட்கள் அதைக் கேட்டு நான் பார்த்ததில்லை. அவர்கள் ரவையின் மூக்கைத்தான் திருப்பித் திருப்பிப் பார்ப்பார்கள். ஏன் என்பது பின்னால் வரும்.

முதலில் இடத்தைச் சொல்லிவிடுகிறேன். ஊட்டிக்கு மேற்கே, முக்குருத்திப் பக்கம், மலை முழுக்கப் புல். இரண்டு மேடுகள் மடியும் இடத்தில் மட்டும் இருட்டாக ஒரு சோலை. கடமான் பகல் முழுக்கச் சோலைக்குள் படுத்திருக்கும். பொழுது சாயும்போதும் விடியும்போதும் புல்லுக்கு வரும். புல்வெளியில் நின்று பார்த்தால் அரை மைலுக்கு அப்பால் நிற்கும் மான்கூடத் தெளிவாகத் தெரியும். அதனால் தூரத்திலிருந்து சுடக் கை அரிக்கும். ஆனால் மானிலிருந்து சோலை எப்போதும் ஐம்பது கஜத்துக்குள்தான் இருக்கும். நெஞ்சில் சரியாக அடிபட்ட மான்கூட விழுவதற்கு முன் ஐம்பது, நூறு கஜம் ஓடிவிடும். இருநூற்றைம்பது, முந்நூறு கிலோ எடையுள்ள கொம்பன் ஒன்று சோலைக்குள் பாய்ந்து, பாசி பிடித்த பாறைக்கும் முள்ளுக்கும் நடுவே விழுந்தால், மூடுபனி இறங்கும் நேரத்தில் அதை எப்படித் தேடுவது? மேட்டுநிலத்தின் வேட்டை விதிகள் எல்லாமே இந்த ஒரு சிக்கலிலிருந்து பிறந்தவைதான்.

கோயம்புத்தூர் கலெக்டர் ஜான் சல்லிவன் 1819-ல் மலையேறி வந்த காலத்தில் வேட்டைத் துப்பாக்கி என்றால் பெரும்பாலும் வரியில்லாத வழுக்குக் குழல்தான். ஒரு பவுண்டு ஈயத்தில் எத்தனை உருண்டை வார்க்கலாமோ அந்த எண்தான் குழலின் அளவு. பன்னிரண்டு வார்த்தால் பன்னிரண்டு போர். உருண்டை ஒன்று ஏறக்குறைய 38 கிராம். குழலைவிட உருண்டை சற்றுச் சிறிதாக இருந்தால்தான் வாய் வழியாக இறங்கும். சுடும்போது அது குழலின் சுவரில் இப்படியும் அப்படியும் முட்டிக்கொண்டு வெளியே வரும். கடைசியில் எந்தப் பக்கம் முட்டியதோ அதற்கு எதிர்ப்பக்கம் விலகும். அறுபது கஜத்துக்கு மேல் அந்தக் குழலை நம்பியவர்கள் காயம்பட்ட மான்களைத்தான் காட்டில் விட்டுவந்தார்கள்.

நீலகிரியில் அதைவிடப் பெரிய தொல்லை மழை. கல் உரசித் தீப்பொறி எழுப்பும் பழைய பூட்டில் மருந்துக் கிண்ணி திறந்து கிடக்கும். தென்மேற்குப் பருவத்தில் அந்த மருந்து களியாகிவிடும். ஸ்காட்லாந்துப் பாதிரியார் அலெக்ஸாண்டர் ஃபோர்சைத் 1807-ல் காப்புரிமை பெற்ற, அடிபட்டதும் வெடிக்கும் மருந்து முறையும், அதிலிருந்து வளர்ந்த செப்புத் தொப்பியும் வந்த பிறகுதான் மழையிலும் நம்பிச் சுட முடிந்தது. துப்பாக்கி வரலாற்றில் இதை ஒரு வரியில் தாண்டிப் போவார்கள். ஆண்டில் பாதி நாள் நனைந்து கிடக்கும் மலையில் இதுதான் பெரிய மாற்றம் என்பேன்.

இனி ரவை விழும் கணக்கு. கால் நொடியில் எந்தப் பொருளும் ஓர் அடி கீழே விழும். அரை நொடியில் நாலடி விழும். ரவையும் அப்படியே. குழலை விட்டு வந்த கணத்திலிருந்து அது விழுந்துகொண்டேதான் போகிறது. பழைய பன்னிரண்டு போர் ஈய உருண்டை நொடிக்கு 1,500 அடி வேகத்தில் கிளம்பினாலும், காற்றில் விரைவாகத் தளர்ந்து, நூறு கஜம் போக ஏறக்குறைய கால் நொடி எடுக்கும். அதாவது ஓர் அடி இறங்கியிருக்கும். கடமானின் நெஞ்சில் உயிர்நிலை என்பது ஒரு சாப்பாட்டுத் தட்டின் அளவு. நூறு கஜம் என்று நினைத்தது உண்மையில் நூற்று முப்பதாக இருந்தால் ரவை தட்டை விட்டுக் கீழே, கால் எலும்புக்குப் போய்விடும். புல்மேட்டில் தூரம் கணிப்பது கடினம். பள்ளத்துக்கு எதிர்க்கரையில் நிற்கும் மான் இருப்பதைவிடக் கிட்டத்தில் தெரியும். ஆகவே நேராகக் குறிவைத்து, கணக்கே போடாமல் சுடக்கூடிய தூரம் எது என்பதுதான் கேள்வி. அந்தத் தூரத்தை நீட்டத்தான் அடுத்த நூறு வருடம் எல்லாத் துப்பாக்கித் தொழிலாளரும் பாடுபட்டார்கள்.

இலங்கையில் அதே கடமானை வேறு விதமாகக் கையாண்டவர் சாமுவேல் பேக்கர். 1840களின் பிற்பாதியில் நுவரெலியாவில் குடியேறிய அவரிடம், கிப்ஸ் கம்பெனி செய்த 21 பவுண்டு எடையுள்ள ரைஃபிள் இருந்தது. மூன்று அவுன்ஸ் உருண்டையைத் தள்ளும் பீரங்கிக் குட்டி அது. ஆனால் கடமானுக்கு அவர் அதை எடுக்கவில்லை. நாய்களை விட்டுத் துரத்தி, ஓடையில் நாய்கள் மடக்கிய பிறகு கத்தியோடு இறங்கினார். காட்டுப்பன்றிக்கும் அப்படியே. 1854-ல் வெளியான அவருடைய புத்தகத்தின் தலைப்பிலேயே ரைஃபிளும் நாயும் சேர்ந்து நிற்கின்றன. அதில் எனக்கு உவப்பில்லாத கொலைக்கணக்கு நிறைய உண்டு. ஆனாலும் ஒன்றைச் சொல்லவேண்டும்: கைக்கெட்டும் தூரத்துக்குப் போனவரிடமிருந்து காயத்தோடு தப்பிய மிருகம் குறைவு.

இந்தியக் காட்டுக்கு எந்தத் துப்பாக்கி என்பதைக் கணக்காக எழுதியவர் ஜேம்ஸ் ஃபோர்சைத் என்ற ராணுவ அதிகாரி. மேலே சொன்ன பாதிரியார் வேறு, இவர் வேறு. மத்திய இந்தியக் காடுகளில் அலைந்தவர். வேட்டை ரைஃபிளையும் அதன் ரவையையும் பற்றி 1860களில் ஒரு நூலே எழுதினார். அப்போது ராணுவத்தில் கூம்பு ரவை வந்துவிட்டது. ஐந்நூறு, அறுநூறு கஜத்துக்கு இலக்குப் பலகையை அடிக்கலாம் என்று எல்லோரும் அதன் பின்னால் போனார்கள். ஃபோர்சைத் எதிர்ப்பக்கம் நின்றார். இந்தியக் காட்டில் மிருகம் சுடப்படுவது பெரும்பாலும் நூறு கஜத்துக்குள்; கனத்த கூம்பு ரவை மெதுவாகப் போய் வளைந்து விழுகிறது; பெரிய உருண்டைக்கு நிறைய மருந்து போட்டு, வரியைக் குறைவாக முறுக்கினால் அந்த நூறு கஜத்துக்கும் நேர்கோடாகப் போகும் என்பது அவர் வாதம். எத்தனை தூரம் போகும் என்று கேட்காமல், எத்தனை தூரத்தில் சுடப்போகிறோம் என்று கேட்டு அதற்கேற்ற துப்பாக்கியைத் தேடியவர் அவர். எங்கள் கடைக்கு வந்த பழைய ஆட்கள் அவர் பெயரையே கேள்விப்பட்டிருக்க மாட்டார்கள். ஆனாலும் அவர் பரம்பரைதான்.

லண்டனில் ஜேம்ஸ் பர்டி 1856-ல் செய்த ரைஃபிளுக்கு ரயில் வண்டியின் பெயரைக் கொடுத்தார்: எக்ஸ்பிரஸ். அந்த வகையில் வந்த .450, .500 எக்ஸ்பிரஸ் ரைஃபிள்கள் நீலகிரித் தோட்டத்துரைமார் கையில் முப்பது வருடம் ஆட்சி செய்தன. ரவையைக் குடைந்து எடை குறைத்து, மருந்தைக் கூட்டினார்கள். நூற்றைம்பது கஜம் வரை கணக்கில்லாமல் சுடலாம். குடைந்த ரவை உடம்புக்குள் போனதும் மலர்ந்து விரியும். கடமான் நின்ற இடத்திலேயே சரியும். அதே ரவை காட்டெருமையின் தோளில் பட்டால் மேலாகவே சிதறிவிடும். இப்படித்தான் மானுக்கு ஒன்று, கனத்த தோலுக்கு ஒன்று என்று ரவை பிரிந்தது. 1885-ல் கர்னல் ஃபாஸ்பெரி காப்புரிமை பெற்ற பாரடாக்ஸ் இன்னொரு வழி: குழல் முழுக்க வழுக்கு, வாயருகே சில அங்குலம் மட்டும் வரி. காட்டுக்கோழிக்குச் சிதறும் ஈயச் சில்லும் போடலாம், நூறு கஜத்துக்குள் கடமானுக்கு ஒற்றைக் குண்டும் போடலாம்.

அதற்குள் சுடுவதற்கு மான் இல்லாமல் போய்க்கொண்டிருந்தது. காப்பிக்கும் சிங்கோனாவுக்கும் தேயிலைக்கும் சோலைகள் வெட்டப்பட்டன. வெலிங்டன் பாசறைச் சிப்பாய்களிலிருந்து துரைமார் வரை எல்லோரும் சுட்டார்கள். பெட்டை, குட்டி என்று பார்க்கவில்லை. டக்ளஸ் ஹாமில்டன் போன்ற பழைய வேட்டைக்காரர்கள் பார்த்த மான் கூட்டங்கள் அவர்கள் வாழ்நாளிலேயே அருகின. 1877-ல் நீலகிரி வேட்டை மிருக, மீன் பாதுகாப்புச் சங்கம் உருவானது. 1879-ல் சென்னை மாகாணச் சட்டம் ஒன்றும் வந்தது. மிருகங்கள் குட்டி போட்டுப் பெருக மூடிய பருவம் என ஒன்றை அரசு அறிவிக்க வழி செய்தது. சங்கத்தில் இருந்தவர்கள் தங்கள் வேட்டை தொடரவேண்டும் என்றுதான் இதைச் செய்தார்கள். அதை மறைக்கவேண்டியதில்லை. ஆனால் அந்தக் கட்டுப்பாடு இல்லாவிட்டால் முக்குருத்தியில் வரையாடு மிஞ்சியிருக்காது என்று உறுதியாக நம்புகிறேன்.

அதே காலத்தில் வந்த இன்னொரு சட்டம் 1878-ன் ஆயுதச் சட்டம். இந்தியர் துப்பாக்கி வைக்க உரிமம் வேண்டும், ஐரோப்பியருக்கு விலக்கு. நீலகிரிச் சரிவுகளில் இருளரும் குறும்பரும்தான் தடம் பார்த்தார்கள், மானைக் காட்டினார்கள், காயம்பட்டதைத் தேடிப் பிடித்தார்கள். துரை எத்தனை கஜத்தில் சுடவேண்டும் என்பதையும் பெரும்பாலும் அவர்கள்தான் முடிவு செய்தார்கள். காற்று எந்தப் பக்கம், எதுவரை ஊர்ந்து போகலாம் என்று தெரிந்தவர்கள் அவர்கள். துப்பாக்கி மட்டும் அவர்களுடையதில்லை. வேட்டைப் புத்தகங்களில் துரையின் ரைஃபிளுக்குப் பெயரும் நம்பரும் உண்டு. தடம் பார்த்தவருக்குப் பெரும்பாலும் பெயர்கூட இல்லை. இதைப் படிக்கும்போதெல்லாம் எனக்குப் பொறுக்காது.

1880களில் பிரான்சில் பிறந்த புகையில்லா மருந்து எல்லாவற்றையும் புரட்டிப் போட்டது. கருமருந்தில் சுட்டால் வெள்ளைப் புகை மூடி, மான் விழுந்ததா ஓடியதா என்பதே தெரியாது. புதிய மருந்தில் அது தெரிந்தது, வேகமும் கூடியது. ஆனால் ஈயம் அந்த வேகத்தைத் தாங்காமல் குழலில் வழிந்தது. ஆகவே ரவைக்குச் செப்பு, நிக்கல் உறை போட்டார்கள். முழு உறை போட்ட ரவை மானுக்குள் ஊசிபோல் நுழைந்து வெளியே போய்விடும். மான் மைல்கணக்கில் ஓடி, இரண்டு நாள் கழித்துச் சாகும். கல்கத்தாவுக்குப் பக்கத்தில் டம்டம் ஆயுதச் சாலையில் 1890களில் மூக்கில் மட்டும் உறையை விட்டுவிட்ட ரவையைச் செய்தார்கள். போரில் விரியும் ரவை கூடாது என்று 1899-ல் ஹேக் மாநாடு அறிவித்தது. மான் வேட்டையில் நேர் மாறு: விரியாத ரவைதான் கொடுமை. எங்கள் கடையில் பழைய ஆட்கள் ரவையின் மூக்கைப் பார்த்தது இதற்குத்தான். சாம்பல் நிற ஈயம் கட்டைவிரல் நகத்துக்கு மெதுவாக அமுங்குகிறதா என்று அழுத்திப் பார்ப்பார்கள். மூக்குவரை செப்பு மூடியிருந்தால் பெட்டியை என் பக்கம் தள்ளிவிடுவார்கள்.

.275 ரிக்பி போன்ற ரைஃபிள்களின் ரவை இருநூறு கஜம் போகக் கால் நொடிக்கும் குறைவாகவே எடுக்கும். பழைய உருண்டை நூறு கஜத்தில் விழுந்த அதே ஓரடிக்குள் இது இருநூறு கஜத்தில் விழுகிறது. கணக்குப்படி வேட்டைத் தூரம் இரண்டு மடங்காகியிருக்கவேண்டும். ஆகவில்லை. சோலை அதே ஐம்பது கஜத்தில்தான் இருந்தது, மூடுபனியும் அப்படியே. சேலம், தருமபுரிக் காடுகளில் அலைந்த கென்னத் ஆண்டர்சன் கையில் கடைசிவரை இருந்தது .405 வின்செஸ்டர். கனத்த, மொட்டை மூக்கு ரவை, தூரம் போகாது. புதர்க்காட்டில் கிட்டத்திலேயே சுட்டவருக்கு அதுவே போதும்.

சுதந்திரத்துக்குப் பிறகு எங்கள் கடையில் அதிகம் விற்ற ரைஃபிள் .315, ஈசாப்பூர் தொழிற்சாலையில் செய்தது. .303 ராணுவத் தோட்டா, பொதுமக்களிடம் இருக்கக்கூடாது. அதனால் ஆஸ்திரிய மன்லிக்கர் தோட்டாவின் அளவில் இதைச் செய்தார்கள். வேகம் நொடிக்குச் சுமார் 2,000 அடிதான். நூறு கஜத்தில் ஐந்தாறு அங்குலம் விழும், இருநூறில் இரண்டடியை நெருங்கும். நூறு கஜத்து மானுக்கு நல்ல துப்பாக்கி; அதற்கு மேல் சுடுகிறவன் கணக்கில் கெட்டிக்காரனாக இருக்கவேண்டும்.

ரைஃபிள் வாங்க முடியாதவர்கள்தான் ஏராளம். 1959-ன் ஆயுதச் சட்டம் பயிரைக் காக்க, வாய் வழியாக மருந்து கெட்டிக்கும் துப்பாக்கிக்குத் தனியாகவே உரிமம் வைத்தது. அதைக் கொண்டுவரும் விவசாயிகள் மருந்தை நிறுக்க மாட்டார்கள். மருந்தும் தேங்காய் நாரும் குண்டும் போட்டு இறுக்கிய பிறகு கெட்டிக்கோல் குழலுக்கு வெளியே எத்தனை விரல் நீட்டிக்கொண்டிருக்கிறது என்பதுதான் அளவு. 1820-ல் நீலகிரிக்கு வந்த துப்பாக்கியும் இதுவும் ஒரே குடும்பம். தூரமும் அதே.

மற்றவர்களிடம் பன்னிரண்டு போர் இரட்டைக்குழல் இருந்தது. எல்.ஜி. தோட்டாவில் அவுன்ஸுக்கு ஆறு சில்லு, எஸ்.ஜி.யில் எட்டு. கஜத்துக்கு ஓர் அங்குலம் வீதம் சில்லு விரியும். நாற்பது கஜத்தில் மூன்றடிக்கு மேல் பரவிய எட்டுச் சில்லில் புள்ளிமானின் நெஞ்சில் படுவது ஒன்றோ இரண்டோ. மற்றவை வயிற்றில், தொடையில். 1950, 60களில் ஜீப்பும் தேடுவிளக்கும் வந்தபோது ஓடும் வண்டியிலிருந்து இந்தத் தோட்டாவைத்தான் பொழிந்தார்கள். நான் விற்ற பெட்டிகளில் எத்தனை அப்படிப் போயின என்பது பதிவேட்டில் வராது.

1972-ன் வனவிலங்குப் பாதுகாப்புச் சட்டத்தை முதலில் படித்தபோது என்னைக் கட்டிப்போட்டது தண்டனைப் பகுதி இல்லை. புள்ளிமான், கடமான், காட்டுப்பன்றி ஆகியவற்றைப் பெரிய வேட்டை மிருகம் என்று வைத்து, உரிமம் பெற்றவர்கூட ரைஃபிளால்தான் சுடவேண்டும், தனி அனுமதி இருந்தால் மட்டும் ஒற்றைக் குண்டு போட்ட வழுக்குக் குழலால் சுடலாம் என்று அது எழுதியது. வண்டியிலிருந்து கூடாது, விளக்கடித்துக் கூடாது, உப்பு நக்குமிடத்திலும் நீர்க்குழியிலும் கூடாது, பெட்டையும் தோல் மூடிய இளங்கொம்பும் கூடாது. நூற்றைம்பது வருடம் காடு சொல்லிக்கொடுத்தது அரசின் அச்சில் ஏறியிருந்தது. 1991-ல் திருத்தம் வந்து வேட்டை உரிமமே போனது. அது நியாயம், மிச்சமிருந்தது அவ்வளவு குறைவு. குன்னூர் வழக்கறிஞர் ஈ.ஆர்.சி. டேவிதார் அதற்கு வெகுமுன்பே துப்பாக்கியை வைத்துவிட்டு, 1963-ல் நீலகிரி வரையாடுகளை எண்ணப் போயிருந்தார்.

பன்றி மட்டும் வேறு கதை. மான் குறைந்தது, பன்றி பெருகியது. மக்காச்சோளம், கடலை, மரவள்ளி எதையும் விடுவதில்லை. சுடுவதற்கும் அது வேறு மிருகம். வளர்ந்த ஆண்பன்றியின் தோள்மேல் குருத்தெலும்பு போன்ற திசுவும் தடித்த தோலும் சேர்ந்து கேடயம்போல் இறுகியிருக்கும். சிறு சில்லு அங்கேயே நின்றுவிடும். உள்ளே போன ரவையின் துளையையும் கொழுப்பு அடைத்துவிடுவதால் மண்ணில் ரத்தத் தடம் விழாது. காயம்பட்டது புதருக்குள் திரும்பி நிற்கும். தேடிப் போகிறவரின் தொடையைக் கிழிக்கும்.

சீகூர்ப் பக்கத்திலிருந்து தோட்டத்துரை ஒருவரோடு எங்கள் கடைக்கு வரும் ஒரு பெரியவர் இருந்தார். தடம் பார்ப்பதில் பேர் போனவர். துரை உள்ளே தோட்டா பார்த்துக்கொண்டிருந்தபோது, பன்றியை எவ்வளவு தூரத்தில் சுடச் சொல்வீர்கள் பெரியவரே என்று கேட்டேன்.

"மூஞ்சில ஒட்டின சேறு காஞ்சதா ஈரமான்னு தெரியோணுங்க தம்பி. அதுக்கு அங்கிட்டு இருந்தா நான் துரையோட கையப் புடிச்சுக்குவேன்."

"அவ்வளவு கிட்டவா?"

"தேடறது நானுங்க. அவரு வண்டில ஏறிருவாரு."

முப்பது கஜம் என்று வைத்துக்கொள்ளலாம். கையில் எந்த ரைஃபிள் இருந்தாலும் அவருக்கு அதுதான்.

கேரளம் 2022-ல் ஊராட்சித் தலைவர்களுக்கு, பயிரழிக்கும் பன்றியைச் சுட அனுமதி தரும் அதிகாரம் கொடுத்தது. தமிழ்நாடு 2025 ஜனவரியில் ஒரு வரையறை வைத்தது: காப்புக்காட்டு எல்லையிலிருந்து ஒரு கிலோமீட்டருக்குள் சுடக்கூடாது, மூன்று கிலோமீட்டர் வரை பிடித்துக் காட்டில் விடவேண்டும், அதற்கு அப்பால் பயிற்சி பெற்ற வனத்துறையினர் சுடலாம். காட்டிலிருந்து எத்தனை கிலோமீட்டர் என்பது பேசப்படுகிறது. துப்பாக்கியிலிருந்து எத்தனை கஜம் என்பதும் அதே அளவுக்குப் பேசப்படவேண்டும். வயல்வெளியில் சுடும் ரைஃபிள் ரவை பன்றியைத் தவறினால் ஒரு மைலுக்கு மேல் போகும். அங்கே வீடு இருக்கும், ஆடு மேய்ப்பவர் இருப்பார். வழுக்குக் குழலில் ஒற்றைக் குண்டு, பின்னால் மண்மேடு இருக்கும் இடத்தில் பரண், நாற்பது கஜத்துக்குள் நின்றால் மட்டும் சுடுவது, சில்லுத் தோட்டா வேண்டவே வேண்டாம். இவற்றையெல்லாம் விதியாகவே எழுதவேண்டும் என்பது என் கோரிக்கை. சுடுகிறவரோடு தடம் பார்க்கத் தெரிந்த இருளரோ குறும்பரோ ஒருவரைச் சம்பளத்துக்கு வைத்து, சுடலாமா வேண்டாமா என்ற கடைசிச் சொல்லையும் அவரிடமே விடவேண்டும். அவர் பெயரை அறிக்கையில் எழுதவேண்டும்.